கொக்கு விரட்டிய முருகன்

எழுதியது: 9ஆம் வகுப்பு மாணவி, கோம்பை

நம்ம பக்கம் கோயில் திருவிழான்னா வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும். வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டுவாள். முருகன் வேடனாக வந்து வம்பு பண்ணுவார், பிறகு கிழவனாக வருவார். கதை எல்லாருக்கும் தெரியும். இந்தத் தெரிந்த கதைக்குள்ளே இன்னொரு கதையை ஒளித்து வைத்துப் பாடி, அதுக்காகவே பல தடவை ஜெயிலுக்குப் போனவர் ஒருத்தர் இருந்தார். அவர்தான் தியாகி விஸ்வநாத தாஸ்.

இவர் 1886ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தார். வளர்ந்து வாழ்ந்தது மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம். சின்ன வயசிலேயே நல்ல குரல். அப்போ மைக் கிடையாது. கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் கேட்கிற மாதிரி பாடினால்தான் நடிகர். இவர் பாடினால் கேட்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய புராண நாடகங்கள் ஊர் ஊராக நடந்த காலம் அது. இவர் முருகன் வேஷம் கட்டினால் கூட்டம் தாங்காது.

அப்புறம் காந்தி மேல் பற்று வந்தது. கதர் கட்ட ஆரம்பித்தார். நாடகத்தை விடவில்லை, முருகன் வேஷத்தையும் விடவில்லை. பாட்டை மட்டும் மாற்றினார்.

எப்படி மாற்றினார் என்பதுதான் முக்கியம். நாடகத்தில் பறவை விரட்டும் கட்டம் இருக்கிறதல்லவா? அங்கே ஒரு கொக்குப் பாட்டு பாடுவார். வெள்ளைக் கொக்கு எங்கிருந்தோ பறந்து வந்திருக்கிறது, நம்ம தோட்டத்தில் இறங்கியிருக்கிறது, அதை விரட்டணும். மேலோட்டமாகக் கேட்டால் அது பறவைப் பாட்டுதான். ஆனால் வெள்ளை என்று சொன்ன உடனே கூட்டத்துக்குப் புரிந்துவிடும். கைதட்டு நிற்காது, மறுபடி பாடச் சொல்லிக் கத்துவார்கள்.

(கொக்கு பாவம். நம்ம வயலில் உழும்போது பின்னாடியே வந்து புழு பூச்சியைத்தான் தின்னும். தினையைத் தின்கிறது கிளியும் குருவியும். நிறம் வெள்ளையாக இருந்ததால் கெட்ட பேர் வாங்கிக் கொண்டது!)

முன் வரிசையில் போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் எழுதிக் கொள்ளலாம். என்ன எழுதுவார்? கொக்கு பறந்தது என்று எழுதுவார். கொக்கைத் திட்டினால் குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? வார்த்தையைத்தான் காகிதத்தில் பிடிக்க முடியும். அர்த்தம் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் இருந்தது. இதில் இன்னொரு விஷயம், இவர் மட்டும் தந்திரமாக இருந்தால் போதாது. கேட்கிற ஜனங்களும் அந்தத் தந்திரத்தில் சேர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான் நிறையப் பேர். ஆனால் இந்த அர்த்தத்தைப் படிக்க அவங்களுக்கு எழுத்து தேவைப்படவில்லை.

வெள்ளைக்கார அரசாங்கமும் ஏமாளி இல்லை. 1876லேயே நாடகத்துக்கு என்று தனிச்சட்டம் போட்டு வைத்திருந்தது. அரசாங்கத்தின் மேல் வெறுப்பு உண்டாக்கும் நாடகத்தைத் தடை பண்ணலாம். அதனால் மேடையிலேயே வந்து இவரைக் கைது செய்தார்கள். வெளியே வந்தார், மறுபடியும் அதே முருகன், அதே கொக்கு. ஜெயிலுக்கு வெளியே இருந்த நாளெல்லாம் மேடையில் இருந்தார் என்று சொல்லலாம்.

எல்லாப் பாட்டும் ஒளிவு மறைவாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1919 ஏப்ரல் 13ஆம் தேதி பஞ்சாபில் ஜாலியன் வாலாபாக் என்ற இடத்தில் கூடியிருந்த ஜனங்களை ஜெனரல் டயர் சுடச் சொன்னான். அரசாங்கக் கணக்குப்படியே 379 பேர் இறந்தார்கள். அதற்கு அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. அந்தக் குழுவுக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? கலவர விசாரணைக் குழு. செத்தவங்க வெறுங்கையோடு கூடியிருந்தவங்க. பேரைக் கேட்டால் அவங்கதான் கலவரம் செய்த மாதிரி இருக்கிறது. அதே சம்பவத்தைத் தமிழ்நாட்டு நாடக மேடையில் படுகொலை என்று பாடினார்கள். விஸ்வநாத தாஸும் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் இந்த மாதிரிப் பாட்டுகள் எழுதித் தந்தார்கள். பேப்பர் வராத ஊருக்கு நாடகப் பாட்டுதான் பேப்பர். நடந்தது ஒன்று, பேர் இரண்டு. எந்தப் பேரை முதலில் கேட்கிறோமோ அந்தப் பக்கம் மனசு சாய்ந்துவிடுகிறது. இப்பவும் பேப்பரில் பாருங்க, ஒன்றில் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று இருக்கும், இன்னொன்றில் ஏழைகளின் வீடு இடிப்பு என்று இருக்கும். இரண்டும் ஒரே தெருவாக இருக்கும்.

விஸ்வநாத தாஸ் எதிர்த்து நின்றது வெள்ளைக்காரனை மட்டும் இல்லை. அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். வைத்தியமும் முடி திருத்துவதும் அந்தச் சமூகத்தின் தொழில். அந்தக் காலத்தில் அவங்க எவ்வளவு வயசானவங்களாக இருந்தாலும் சின்னப் பையன்கூட வாடா போடா என்றுதான் கூப்பிடுவான். வாங்க என்கிற ஒரு சொல்லைக் கொடுக்க மனசு வராது. அந்த வாடாவுக்குள்ளே எவ்வளவு ஒளிந்திருக்கிறது பாருங்கள். கொக்குப் பாட்டில் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்துக் கைதட்டியவர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்தும் பேசாமல் இருந்தார்கள். இவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று சில நடிகைகள் மறுத்ததும் உண்டு. மேடையில் முருகனாக நிற்கும்போது கையெடுத்துக் கும்பிட்ட ஊர், மேடையை விட்டு இறங்கினதும் சாதி கேட்டது. ஜெயிலைவிட இதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட வழக்குக்கு வக்கீல் கிடைப்பார், இதுக்கு யார் வருவார்?

நாடகம் நடந்தால்தான் வருமானம். அடிக்கடி ஜெயிலுக்குப் போனால் கடன்தான் மிஞ்சும். அவருக்கும் கடன் சேர்ந்தது. கொக்குப் பாட்டை விட்டுவிட்டு வெறும் முருகனாகவே பாடியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். குரல் இருந்தது, பேர் இருந்தது. அவர் விடவில்லை.

1940 டிசம்பர் 31. சென்னையில் ராயல் தியேட்டர். அன்றைக்கும் வள்ளி திருமணம்தான். முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே உயிரை விட்டார். வயது 54. சுதந்திரம் வர இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல் இருந்தது.

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீட்டை இப்போது அரசு நினைவு இல்லமாக ஆக்கியிருக்கிறது. நம்ம ஊரிலிருந்து போகிறவர்கள் மதுரை பஸ்ஸில் உசிலம்பட்டியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும்.