காலைச் சுற்றி வளையம், தினமும் 1 மில்லிமீட்டர்... எலும்பை வளர்த்துக் காட்டிய இலிசரோவ் யார்?

பெரிய மருத்துவமனைகளின் எலும்பு முறிவு வார்டில் இந்தக் காட்சியைப் பலர் பார்த்திருக்கலாம். பைக் விபத்தில் கால் நொறுங்கிய ஒருவர். காலைச் சுற்றி மூன்று, நான்கு உலோக வளையங்கள். வளையத்திலிருந்து கிளம்பும் மெல்லிய கம்பிகள் தோலைத் துளைத்து, எலும்பின் ஊடே புகுந்து மறுபக்கம் வெளியே வருகின்றன. முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு மனசு பதறும். ஆனா அந்த ஆள் அதே காலை ஊன்றி வராண்டாவில் நடந்துகொண்டிருப்பார்.

இந்த வளையத்தை டாக்டர்கள் இலிசரோவ் என்கிறார்கள். அது ஏதோ கம்பெனியின் பெயர் இல்லை, ஒரு மனிதரின் பெயர். சோவியத் யூனியனின் ஒரு மூலையில், பட்டறைச் சாமான்களை வைத்து வேலையைத் தொடங்கிய டாக்டர் அவர். உலகம் அவரைக் கவனிக்க சுமார் 30 வருஷம் ஆனது.

கிராமத்துக்கு அனுப்பப்பட்ட இளம் டாக்டர்

கவ்ரீல் இலிசரோவ் 1921 ஜூன் 15ஆம் தேதி போலந்தில் பிறந்தார். காகசஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த யூதக் குடும்பம். அவர் சின்னக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அஜர்பைஜானில் உள்ள குசார் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். ஆறு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். வறுமையோடுதான் படிப்பு.

1939ல் கிரிமியாவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். போர் வந்ததும் கல்லூரியே கஜகஸ்தானுக்கு இடம் மாறியது. 1944ல் பட்டம் வாங்கியதும் சைபீரியாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் குர்கான் மாகாணத்தில் வேலை போட்டார்கள். தோல்கோவ்கா என்ற கிராமம். பிரசவம், காய்ச்சல், குடல்வால் எல்லாத்தையும் அங்கே பார்த்தாக வேண்டும். கூடவே போரிலிருந்து திரும்பிய காயக்காரர்கள். பலருக்குக் கால் எலும்பு ஒட்டவே இல்லை. சிலருக்கு எலும்புக்குள் சீழ் பிடித்து வருஷக்கணக்கில் வடிந்துகொண்டிருந்தது.

மாவுக்கட்டில் என்ன பிரச்சனை?

அன்றைக்கு இருந்த முக்கிய வழி மாவுக்கட்டு. சாதாரண முறிவுக்கு அது இன்றும் நல்ல சிகிச்சைதான். ஆனால் எலும்பு பல துண்டாகச் சிதறியிருந்தால், கட்டுக்குள்ளேயே அந்தத் துண்டுகள் நகர்ந்துவிடும். அதைத் தடுக்க முறிவுக்கு மேலே உள்ள மூட்டையும் கீழே உள்ள மூட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். மாசக்கணக்கில் அசையாமல் கிடந்தால் தசை சூம்பும், முட்டி இறுகிவிடும். எலும்பில் ஒரு பகுதியே போய்விட்டது என்றால் கால் குட்டையாகும். சீழும் சேர்ந்துவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும்.

இலிசரோவ் யோசித்தது சைக்கிள் சக்கரம் மாதிரியான ஒரு அமைப்பு. சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் மெல்லிசுதான், இழுத்துக் கட்டியிருப்பதால்தான் ஆளையே தாங்குகின்றன. அதே போல, 2 மி.மீ.கூட இல்லாத கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக எலும்பில் செலுத்தி, காலைச் சுற்றிய வளையத்தில் விறைப்பாக இழுத்து மாட்டினார். முறிவுக்கு மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். இரண்டையும் மறை போட்ட தண்டுகளும் நட்டுகளும் இணைக்கும். ஆரம்பத்தில் சைக்கிள் பாகங்களையே பயன்படுத்தினார் என்பார்கள். குதிரை வண்டியின் வளைவுச் சட்டத்தைப் பார்த்துதான் யோசனை வந்தது என்று ஒரு கதையும் உண்டு.

1952ல் இந்தக் கருவிக்குக் கண்டுபிடிப்பு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1954ல் சான்றிதழ் வந்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நோயாளி படுத்தே கிடக்க வேண்டாம். காலை ஊன்றலாம், மூட்டை மடக்கலாம். எடை ஏறும்போது அந்தக் கம்பிகள் துளியூண்டு நெகிழும். அந்தச் சின்ன அசைவும், தடைபடாத ரத்த ஓட்டமும் எலும்பு கூடுவதற்கு உதவுகின்றன. சிகிச்சை முடிந்த பிறகு மறுவாழ்வுப் பயிற்சி என்றில்லாமல், சிகிச்சை நடக்கும்போதே பயிற்சியும் நடக்கிறது.

மாற்றித் திருகிய நட்டு

அடுத்தது எலும்பு மருத்துவத்தில் அடிக்கடி சொல்லப்படும் கதை. ஒட்டாத எலும்பு முனைகள் நெருங்கி அழுந்த வேண்டும் என்று ஒரு நோயாளியிடம் நட்டைத் திருகச் சொல்லியிருந்தார் இலிசரோவ். அவரோ எதிர்ப்பக்கமாகத் திருகிவிட்டார். முனைகள் நெருங்குவதற்குப் பதில் விலகிப்போயின. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அந்த இடைவெளியில் புது எலும்பு.

இது தற்செயல் என்று அவர் விட்டுவிடவில்லை. இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நாய்களின் கால் எலும்பில் வருஷக்கணக்கில் சோதனை நடத்தினார். எலும்பின் வெளி ஓட்டை மட்டும் கவனமாக வெட்டி, உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களைக் காப்பாற்றி, சில நாள் விட்டு, பிறகு மெல்ல இழுக்க ஆரம்பிப்பது. ஒரு நாளைக்கு எவ்வளவு இழுக்கலாம்? அரை மி.மீ. என்றால் சில நேரம் நீளும் முன்பே எலும்பு இறுகிவிட்டது. 2 மி.மீ. என்றால் புது எலும்பு சரியாக வளரவில்லை, சுற்றியுள்ள திசுக்களும் தாங்கவில்லை. 1 மி.மீ. சரியாக இருந்தது.

அந்த 1 மி.மீட்டரையும் ஒரே தடவையில் இழுப்பதைவிட, பிரித்துப் பிரித்து இழுத்தால் இன்னும் நல்லது. இயந்திரத்தை வைத்து நாளைக்கு 60 தடவைகூட இழுத்துப் பார்த்திருக்கிறார். மனிதர்களுக்கு நடைமுறையில் நின்றது 4 தடவை, ஒவ்வொன்றும் கால் மி.மீ. நட்டைத் திருகுவது பெரும்பாலும் நோயாளியோ வீட்டில் இருப்பவரோதான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 5 செ.மீ. எலும்பு வேண்டும் என்றால் இழுக்கவே 50 நாள். அந்தப் புது எலும்பு கெட்டிப்பட, 1 செ.மீட்டருக்கு ஒரு மாதம் அல்லது அதற்கும் மேல். வளையம் காலிலேயே இருக்கும். கம்பி நுழையும் இடத்தில் கிருமித் தொற்று வரும், வலி இருக்கும், தூக்கம் கெடும். பிசியோதெரபியை விட்டால் எலும்பு நீண்டாலும் மூட்டு இறுகிப்போகும். ஆனால் வெட்டி எடுக்க வேண்டிய கால், காலாகவே மிஞ்சும்.

மாஸ்கோ ஏன் நம்பவில்லை?

குர்கான், மாஸ்கோவிலிருந்து சுமார் 2,000 கி.மீ. ரயில் தூரம். அங்கிருந்து ஒரு மாகாண டாக்டர் எலும்பை வளர்க்கிறேன் என்றால் தலைநகர் நிபுணர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? டாக்டரா, பட்டறை மெக்கானிக்கா என்கிற கேலியெல்லாம் இருந்தது. பொறாமை ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் நியாயமில்லை. புதுச் சிகிச்சைக்கு ஆதாரம் கேட்பது மருத்துவத்தில் தப்பே கிடையாது. இலிசரோவ் தன் ஆதாரத்தை நோயாளி நோயாளியாகச் சேர்த்துக்கொண்டே போனார். 1955ல் குர்கானில் போர்க்காயம் பட்டவர்களுக்கான மருத்துவமனையில் எலும்புப் பிரிவுக்குத் தலைவரானார். 1968ல் பெர்ம் நகரில் தன் ஆய்வைச் சமர்ப்பித்தபோது, வழக்கமான முதல் படியைத் தாண்டி நேராக மேல்நிலை டாக்டர் பட்டமே கொடுத்தார்கள்.

அதே வருஷம் குர்கானுக்கு வந்தார் வலேரி புருமெல். உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் உலக சாதனை படைத்தவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 1965ல் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனபோது விபத்தில் வலது கால் நொறுங்கியது. பல அறுவை சிகிச்சைக்குப் பிறகும் எலும்பு சேரவில்லை, கால் குட்டையாகிவிட்டது. இலிசரோவ் அதை ஒட்டவைத்து நீளமாக்கினார். புருமெல் பழைய உச்சத்துக்குப் போகவில்லைதான். ஆனால் மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்! நாடே பார்த்த எக்ஸ்ரே மாதிரி ஆகிவிட்டது அது. இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சும் 1970ல் குர்கானுக்குச் சிகிச்சைக்கு வந்தார். 1971ல் அங்கே தனி ஆய்வு நிறுவனமே அமைந்தது. பிற்காலத்தில் அது சுமார் 1,000 படுக்கைகளோடு வளர்ந்தது.

இத்தாலிக்காரர் திறந்த கதவு

இத்தனைக்குப் பிறகும் மேற்கு நாடுகளுக்கு இது எதுவும் தெரியாது. பனிப்போர் காலம், எழுதியதும் பெரும்பாலும் ரஷ்ய மொழியில். வழி திறந்தவர் கார்லோ மவுரி என்ற இத்தாலிய மலையேற்ற வீரர். பல வருஷம் முன்னால் உடைந்த காலில் எலும்பும் கூடாமல், சீழும் நிற்காமல் தவித்தவர். பாப்பிரஸ் புல்லால் கட்டிய ரா படகில் அட்லாண்டிக் கடலில் பயணம் செய்த குழுவில் அவரும் ஒருவர். அந்தப் படகில் கூட வந்த சோவியத் டாக்டர் யூரி சென்கெவிச்தான் குர்கானுக்குப் போகச் சொன்னார். 1980ல் போனார், குணமாகித் திரும்பினார். அந்தக் காலைப் பார்த்த இத்தாலிய டாக்டர்களுக்கு ஆச்சரியம்.

1981ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் நடந்த கூட்டத்துக்கு இலிசரோவை அழைத்தார்கள். மேற்கத்திய மருத்துவர்கள் முன்னால் அவர் பேசியது அதுதான் முதல் முறை. வயது 60. அதன் பிறகு இத்தாலி, ஐரோப்பா, அமெரிக்கா என்று முறை பரவியது. நாய்ச் சோதனை முடிவுகள் அமெரிக்க எலும்பு மருத்துவ இதழில் ஆங்கிலத்தில் வெளியானது 1989ல்தான்!

1992 ஜூலை 24ஆம் தேதி குர்கானிலேயே இலிசரோவ் இறந்தார். அந்த நிறுவனம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது. ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் உண்டு.

உயரம் கூட்டும் ஆபரேஷன் என்று இப்போது சமூக வலைதளத்தில் ஓடும் வீடியோக்களுக்கும் வேர் இங்கேதான். அவர் இந்தக் கருவியைச் செய்தது காலை இழக்கப்போகிறவர்களுக்காக. ஆரோக்கியமான காலை உயரத்துக்காக வெட்டுகிறவர்களுக்கும் அதே வலி, அதே தொற்று அபாயம், அதே மாதக்கணக்கான பயிற்சி உண்டு. வீடியோவில் அந்தப் பகுதி வராது. வளையத்துக்குப் பதில் எலும்புக்குள்ளேயே வைத்து ரிமோட்டில் நீட்டும் கம்பிகளும் வந்துவிட்டன. அவற்றிலும் டாக்டர்கள் குறிக்கும் வேகம் நாளைக்கு ஏறத்தாழ அதே 1 மில்லிமீட்டர்தான்.