மார்ன் ஆற்றுப் பாலங்களும் பிரெசினேயும்

பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து மோ நகருக்குப் போய்வரும் எம்மவர்கள் எஸ்ப்ளி தரிப்பிடத்தை அறிவார்கள். அவ்வூரின் மார்ன் ஆற்றுப் பாலத்தைக் கட்டிய யூஜென் பிரெசினேயின் பெயரை நாங்கள் அதிகம் பேசியதில்லை.

1879 இல் கொரேஸ் பகுதியின் ஒப்ஜா என்ற சிற்றூரில் பிறந்தவர். மூலேன் நகரில் அரச வீதிப் பொறியியலாளராக இருந்தபோது, அலியே ஆற்றில் கற்பாலங்களைவிட மிகக் குறைந்த செலவில் மூன்று கொங்கிறீற் பாலங்கள் கட்டலாம் என்று வரைபடத்தை மாற்றினார். கணக்கு வேலை செய்யும் எங்களுக்கு இந்த விலைதான் முதலில் கண்ணில் படுகிறது!

அவற்றில் ஒன்றான வோர்த்ர் பாலம் திறந்து சில மாதங்களில் அதன் வளைவுகள் தாழத் தொடங்கின. யாரிடமும் அனுமதி கேளாமல், நம்பிக்கையான சிலரோடு இரவில் போய், ஜாக்கிகளால் அவற்றை மீண்டும் உயர்த்தினார். கொங்கிறீற் பாரத்தின் கீழ் பல காலம் மெல்லச் சுருங்கிக்கொண்டே போகும் என்பதை அந்தப் பாலத்தில்தான் கண்டார். அப்படியானால் சாதாரண இரும்பை இழுத்துக் கட்டிப் பயனில்லை; சுருக்கத்தில் இழுவிசை போய்விடும். மிக உறுதியான உருக்குக் கம்பியை மிகக் கடுமையாக இழுத்தால் மட்டுமே அது நிலைக்கும். இதற்கு 1928 இல் காப்புரிமை பெற்றார்.

ஐம்பதாவது வயதில் பெரிய நிறுவனத்தின் பதவியை விட்டு, மொந்தார்ஜியில் மின்கம்பத் தொழிற்சாலை தொடங்கினார். பொருளாதார வீழ்ச்சி வந்தது. வாங்குவோர் இல்லை. சேமிப்பெல்லாம் கரைந்தது. புதையத் தொடங்கிய லு ஹாவ்ர் துறைமுகக் கட்டடத்தை அதே முறையால் காப்பாற்றிய பிறகுதான் மற்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

லூசான்சியில் 1941 இல் தொடங்கிய மார்ன் பாலம், போரால் தடைப்பட்டு 1946 இல் முடிந்தது. நீளம் 55 மீற்றர். நடுவில் தடிப்போ ஒன்றேகால் மீற்றர் அளவுதான். துண்டுகளைக் கரையிலேயே வார்த்தார்கள். புத்தகங்களை வரிசையாக வைத்து இரு பக்கமும் அழுத்தித் தூக்குவதுபோல, கம்பிகளால் இறுக்கிக் கோத்து, வடங்களில் தொங்கவிட்டு இடத்தில் பொருத்தினார்கள். ஆற்றுக்குள் ஒரு முட்டுக்கால்கூட நடவில்லை.

அடுத்து, போரில் தகர்ந்த பாலங்களுக்குப் பதிலாக எஸ்ப்ளி உட்பட ஐந்து இடங்களில் தலா 74 மீற்றரில் ஒரே மாதிரிப் பாலங்கள். ஒரே அச்சுகளையும் ஒரே வார்ப்புக் களத்தையும் ஐந்துக்கும் பயன்படுத்தினார். சிக்கனம் அங்கேதான் இருந்தது.

வோர்த்ர் பாலத்தை இரண்டாம் உலகப் போர் அழித்தது. அவர் 1962 இல் இறந்தார். அதனோடு கட்டிய பூட்டிரோன் பாலம் இன்றும் அலியே ஆற்றின் மேல் நிற்கிறது.