ஸர் தாமஸ் லூயிஸ்

இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் யந்திரத்தை அளித்தவர் ஹாலந்து தேசத்து ஐந்தோவன். அக்கோடுகளை வாசிக்க வைத்தியர்களுக்குக் கற்பித்தவர் ஸர் தாமஸ் லூயிஸ் ஆவார். 1881ல் வேல்ஸிலுள்ள கார்டிப் நகரில் பிறந்த இவர், லண்டன் யூனிவர்ஸிடி காலேஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சோதித்து, தாறுமாறாய் ஓடும் நாடிக்கு இருதய மேலறைகளின் துடிப்புக் குலைவு காரணமாவதை 1909ல் நிரூபித்தார். டிஜிடாலிஸ் மருந்து யாருக்கு நன்கு பலிக்கும் என்பதும் இவ்வாராய்ச்சிகளால் தெளிவாயிற்று. 1913ல் பாடநூல் இயற்றினார். இவரிடம் பயின்ற பால் ஒயிட் 1914ல் இவ்வித்தையைப் பாஸ்டனுக்குக் கொண்டு சென்றார். நாற்பத்தைந்தாம் வயதில் தமக்கே மாரடைப்பு நேர, லூயிஸ் சிகரெட்டை விட்டொழித்தார். எனினும் 1945ல் இருதய நோய்க்கே இரையானார்.

ஆஸ்பத்திரிதோறும் யந்திரம் வேண்டுமென நாம் கோருகிறோம். ஆபத்து வேளையில் அதை வாசித்து உரிய மருந்தளிக்க டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் பயிற்சி வேண்டுமெனவும் கோருவோமாக.