உப்பைச் சாட்சி சொல்ல வைத்த அம்மையார்

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருக்கிறது. பார்க்கப் பளிங்கு போல இருக்கிறது. வாடை இல்லை. வாயில் வைத்தால் இனிக்கிறது.

அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

குடிக்கலாம் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் இப்படித் தெளிவாக இருந்த தண்ணீரே, 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளமான உயிர்களைக் குடித்தது. டைபாய்டு காய்ச்சல் வந்தது. காலரா வந்தது. கிணறு மட்டும் பளிங்கு போலவே இருந்தது!

கண்ணை ஏமாற்றும் இந்தத் தண்ணீரின் குற்றத்தை, வீட்டில் கிடக்கும் உப்பைக் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. அவர்தான் எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்.

கடைக்காரர் மகள்

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே 1842-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி எலன் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தையும் தாயும் ஆசிரியர் வேலை பார்த்தவர்கள். நிலமும் இருந்தது. மகளுக்கு அவர்களே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

மகளை நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே, 1859-ம் ஆண்டில் அந்தக் குடும்பம் வெஸ்ட்போர்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே ஒரு கடை வைத்தார். எலன் பள்ளிக்குப் போனார். மற்ற நேரத்தில் கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தார். வீட்டில் சமைத்தார். நோயுற்ற தாயாரையும் கவனித்துக் கொண்டார்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. மேலே படிக்க ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் பெண்களுக்குக் கல்லூரிக் கதவு எளிதில் திறக்காது. கையில் பணமும் இல்லை. சில ஆண்டுகள் எலன் மனம் சோர்ந்து கிடந்தார்.

ஆனாலும் ஆசையை விடவில்லை. பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறர் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். துப்புரவு வேலையும் செய்தார். இப்படிச் சிறுகச் சிறுக 300 டாலர் சேர்த்தார். 1868-ம் ஆண்டு, 25 வயதில், பெண்களுக்காக ஏற்பட்ட வாசர் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் பட்டம் பெற்றார்.

சம்பளம் வேண்டாம் என்ற கழகம்

ரசாயனம் படித்து, அதைக் கொண்டு மக்களுக்கு நன்மை செய்ய வேண்டும் என்பது எலனின் எண்ணம். அதற்காக ரசாயனக் கம்பெனிகளுக்கு வேலை கேட்டு எழுதினார். வேலை கிடைக்கவில்லை. அப்போது பாஸ்டன் நகரில் இருந்த மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து படிக்கலாமே என்று ஒரு கம்பெனி யோசனை சொன்னது. அந்தக் கழகத்தில் அதுவரை ஒரு பெண்கூடப் படித்ததில்லை.

எலன் விண்ணப்பம் போட்டார். கழகம் நீண்ட ஆலோசனை நடத்தியது. இவரைத் தனி மாணவியாகச் சேர்க்கலாம், ஆனால் இதை முன்மாதிரியாக வைத்து மற்றப் பெண்கள் இடம் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தது. படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றும் சொன்னது.

தமது ஏழ்மையைப் பார்த்துச் செய்த உதவி என்று எலன் மகிழ்ந்தார். உண்மை பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண் எப்படிப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால், அவர் எங்கள் மாணவியே அல்ல என்று கைகழுவி விடுவதற்காகத்தான் பணம் வாங்காமல் விட்டிருந்தார்கள்!

அடுத்த இடி 1871-ம் ஆண்டில் விழுந்தது. ரெயில் விபத்தில் தந்தை உயிரிழந்தார். தாயைக் காக்கும் பொறுப்பும் எலன் தலையில் விழுந்தது. ஊருக்குப் போய் வந்துகொண்டே படிப்பைத் தொடர்ந்தார்.

ஆண்கள் நிறைந்த சோதனைச்சாலையில் அவர் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. மேஜையைத் துடைத்து வைப்பார். யார் விரலிலாவது காயம்பட்டால் கட்டுப் போடுவார். பேராசிரியர்களின் கிழிந்த துணியைக்கூடத் தைத்துக் கொடுப்பார். அதே கையால், அவர்கள் வியக்கும்படி ரசாயனச் சோதனைகளையும் செய்து காட்டினார். 1873-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அந்தக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் அதற்கு மேற்பட்ட டாக்டர் பட்டத்தை அவருக்குத் தரக் கழகம் முன்வரவில்லை.

1875-ம் ஆண்டு அதே கழகத்தின் சுரங்கத் துறைப் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்சை மணந்தார். கணவருடைய மாணவர்களும் கூடவே வர, புதுமணத் தம்பதியின் முதல் பயணம் சுரங்கங்களைப் பார்ப்பதில் கழிந்தது!

அடுத்த ஆண்டு, பெண்கள் ரசாயனம் படிக்க ஒரு சோதனைச்சாலை ஏற்பட அம்மையார் காரணமாக இருந்தார். அங்கே சம்பளம் இல்லாமல் பாடம் நடத்தினார். கைப்பணத்தையும் கொடுத்தார். அங்கே படித்த பெண்களின் திறமையைக் கண்ட பிறகு, கழகம் தன் பொதுச் சோதனைச்சாலைகளிலும் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1884-ல் அம்மையாரைச் சுகாதார ரசாயன ஆசிரியையாகக் கழகம் நியமித்தது.

உப்பு சொன்ன ரகசியம்

மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. நகரங்கள் வீங்கின. கழிவுநீர் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று நீரையே மக்கள் குடித்தார்கள். மாநிலம் முழுவதும் ஏரி, ஆறு, கிணறுகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று சுகாதாரக் கழகம் 1887-ல் வேலையைத் தொடங்கியது. டாக்டர் டிரவுன் என்ற பேராசிரியர் அதற்குத் தலைவர். சோதனைச்சாலையை நடத்தும் பொறுப்பு ரிச்சர்ட்ஸ் அம்மையாருக்கு வந்தது.

மாதந்தோறும் புட்டிகள் வந்து குவிந்தன. ஒவ்வொரு புட்டியிலும் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். நிறம், வாடை, உப்பு, அழுகல் ஆகியவற்றை அம்மையாரும் உதவியாளர்களும் ஒரே முறையில் சோதித்துக் கணக்கு எழுதினார்கள். ஒருநாள் பார்த்துவிட்டு விட்டுவிடும் சோதனை அல்ல இது. மாதம் தவறாமல் பார்த்ததால், எந்த நீர் எப்போது கெடுகிறது என்பது தெரிந்தது.

இதில் உப்புச் சோதனைதான் வேடிக்கையானது.

மனிதன் உணவோடு உப்பு சாப்பிடுகிறான். அது சிறுநீரோடு வெளியேறுகிறது. கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அதிலுள்ள அழுக்கை மண் ஓரளவு தடுத்துவிடும். ஆனால் உப்பைத் தடுக்காது. உப்பு அழுகாது, மறையாது. நீரோடு போய்க் கிணற்றில் சேர்ந்துவிடும். ஆகவே, கிணற்றில் உப்பு கூடினால் கழிவுநீர் அங்கே வந்து போயிருக்கிறது என்று பொருள்.

உப்பை அளப்பதும் எளிது. நீரில் மஞ்சள் நிறமான ஒரு ரசாயனத்தைக் கொஞ்சம் கலக்க வேண்டும். பிறகு வெள்ளிச் சத்து சேர்ந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உப்பு இருக்கும் வரை நீர் பால்போல் கலங்கும். உப்பு தீர்ந்ததும் மஞ்சள் நீர் செந்நிறமாக மாறும். எத்தனை சொட்டுப் போயிற்று என்று பார்த்தால், எவ்வளவு உப்பு என்று தெரிந்துவிடும். ஒரு கண்ணாடிக் குழாயும், பீங்கான் கிண்ணமும், கூர்மையான கண்ணும் இருந்தால் போதும்!

இந்தச் சோதனை முன்பே ரசாயனிகளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கடற்காற்று உப்பை அள்ளி வருகிறது. மழையில் அது நிலத்தில் விழுகிறது. அதனால் கடலோர ஊர்த் தண்ணீரில் இயற்கையாகவே உப்பு இருக்கும். எது கடல் உப்பு, எது கழிவு உப்பு என்று பிரிப்பது எப்படி?

மனிதர் வாடையே படாத ஏரி குளங்களின் உப்புக் கணக்கு மட்டும் தனியே எடுக்கப்பட்டது. அதை மாநிலப் படத்தில் குறித்தார்கள். ஒரே அளவுள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்தார்கள். என்ன ஆச்சரியம்! கோடுகள் கடற்கரையை ஒட்டியே வரிசையாக ஓடின. கடலை விட்டு விலக விலக உப்பு குறைந்துகொண்டே போயிற்று.

அதன் பிறகு வேலை எளிதாகிவிட்டது. உங்கள் ஊர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று படத்தில் பார்க்க வேண்டும். அங்கே இருக்க வேண்டிய உப்பு இவ்வளவு என்று தெரியும். கிணற்றில் அதற்கு மேல் இருந்தால், பக்கத்தில் எங்கோ கழிவு கலக்கிறது என்று தேடலாம். உப்பு குற்றவாளி அல்ல. குற்றத்தைப் பார்த்த சாட்சி!

உப்பு நோய்க்கிருமியைக் காட்டாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஆனால் எந்தக் கிணற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

மேல் ஊரும் கீழ் ஊரும்

இந்த வேலையின் அவசரத்தை விரைவிலேயே ஊர் உணர்ந்தது. மெர்ரிமாக் ஆற்றின் கரையில் லோவல், லாரன்ஸ் என்று இரண்டு ஆலை நகரங்கள். லோவலின் கழிவு ஆற்றில் விழும். கீழே உள்ள லாரன்ஸ் அதே நீரைக் குடிக்கும். 1890-91-ல் இரண்டு நகரங்களிலும் டைபாய்டு பரவியது. பல வீடுகளில் அழுகுரல் கேட்டது.

சுகாதாரக் கழகத்தின் சோதனை நிலையம் லாரன்சில்தான் இருந்தது. மணலில் நீரை வடிகட்டும் முறையை அங்கே ஆராய்ந்திருந்தார்கள். அதன்படி 1893-ல் லாரன்ஸ் நகருக்குப் பெரிய மணல் வடிகட்டி அமைந்தது. டைபாய்டு சாவு வெகுவாகக் குறைந்தது.

அடுக்களையும் சோதனைச்சாலையே

அம்மையார் தம் வீட்டையும் சும்மா விடவில்லை. காற்றோட்டத்துக்கு வழி செய்தார். தூசி பிடிக்கும் கம்பளங்களை அகற்றினார். வீட்டை நடத்துவதும் ஒரு விஞ்ஞானம் என்று பெண்களுக்கு எடுத்துச் சொன்னார். 1908-ல் அமெரிக்க மனையியல் சங்கம் தோன்றியபோது, அதன் முதல் தலைவர் அவரே.

1911-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி, 68-வது வயதில் அம்மையார் காலமானார். கடைசி வரை அவர் அதே கழகத்தில் ஆசிரியை.

ஒரு காலத்தில் அவரைத் தன் மாணவி என்று சொல்லத் தயங்கிய அந்தக் கழகம், அவர் பட்டம் பெற்ற 100-வது ஆண்டான 1973-ல், பெண் அறிஞர்களுக்காக அவர் பெயரிலேயே ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது.

தண்ணீரைச் சோதிக்கும் இடங்களில் இன்றும் உப்பின் அளவைப் பார்க்கிறார்கள். தெளிவாக இருக்கிறது என்பதற்காக எந்தத் தண்ணீரையும் நம்பிவிடக் கூடாது. சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். கடைக்காரர் மகள் உலகத்துக்கு விட்டுச் சென்ற பாடம் அதுதான்.