நீரை ஏவல் கொண்டவர்

நுழையும்முன்

இரும்புத் தகட்டைத் தாளைப்போல் மடித்துத் தரும் பொறியை இன்று பட்டறைகளில் காண்கிறோம். மேலிருந்து இறங்கும் கூர்அச்சு, கீழே பள்ளமாக அமைந்த அச்சில் தகட்டை அழுத்தி வளைக்கிறது. அதற்கு ஆற்றல் தருவது நீரியல் அழுத்தி. அதனை உலகிற்கு அளித்தவர் ஜோசப் பிராமா.

இளமையும் தொழிலும்

பிராமா 1748ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் காலில் ஏற்பட்ட காயம் அவரை ஏர்த்தொழிலிலிருந்து விலக்கியது. தச்சரிடம் தொழில் பயின்ற அவர், பின்னர் இலண்டனில் குடியேறினார். 1778இல் கழிவறை நீர்க்கலத்தைத் திருத்தியமைத்தும், 1784இல் புதுவகைப் பூட்டைப் படைத்தும் காப்புரிமை பெற்றார். பூட்டைத் திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்று தம் கடையின் சாளரத்தில் அறிவித்தார். அவர் வாழ்ந்தவரை எவரும் அதனைத் திறக்கவில்லை. 1851இல்தான் அமெரிக்கரான ஹாப்ஸ் பல நாள் முயன்று திறந்தார்.

அழுத்தியின் பிறப்பு

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் கண்டறிந்திருந்தார். சிறிய பிஸ்டனைவிடப் பெரிய பிஸ்டனின் பரப்பு நூறு மடங்கானால், விசையும் நூறு மடங்காகும். ஆயினும் பெரிய பிஸ்டன் ஒரு சென்டிமீட்டர் உயரச் சிறியது நூறு சென்டிமீட்டர் நகர வேண்டும். இயற்கை எதனையும் விலையின்றித் தருவதில்லை.

இவ்விதியைப் பயன்படுத்திப் பிராமா 1795இல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். கருத்து எளிது, செயலாக்கம் அரிது. அழுத்தம் மிகுந்தபோது பிஸ்டனைச் சுற்றி நீர் கசிந்தது. கசிவைத் தடுக்க அடைப்பை இறுக்கினால் பிஸ்டன் நகர மறுத்தது. ஒரு சிறு இடைவெளி, பெரும்பொறி முழுவதையும் பயனற்றதாக்கியது.

தோல் வளையம்

அச்சிக்கலை அவிழ்த்தவர், பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய இளைஞர் ஹென்றி மாட்ஸ்லி என்பர். அவர் விளிம்பு மடிந்த தோல் வளையத்தைப் பொருத்தினார். நீர் அம்மடிப்பினுள் புகுந்து தோலை விரித்துப் பிஸ்டனோடு அழுத்தியது. அழுத்தம் கூடுந்தோறும் அடைப்பு இறுகியது. அழுத்தம் நீங்கியதும் தானே தளர்ந்தது. கசியச்செய்த நீரே கசிவைக் காக்கும் காவலாயிற்று.

ஆனால் காப்புரிமை பிராமாவின் பெயரிலேயே நின்றது. வாரம் முப்பது ஷில்லிங் ஊதியம் பெற்ற மாட்ஸ்லி உயர்வு கேட்டார், பிராமா மறுத்தார். 1797இல் வெளியேறிய மாட்ஸ்லி, தனிப்பட்டறை கண்டு இயந்திரவியலின் முன்னோடியானார். உழைத்தவரின் பங்கை உரியவாறு போற்றாமை, பிராமாவின் புகழில் படிந்த நிழலாகும்.

இறுதி நாள்கள்

தாம் படைத்த அழுத்தியைக் கொண்டு ஹாம்ப்ஷயர் காட்டில் மரங்களை வேரோடு பெயர்க்கும் பணியை மேற்பார்வையிட்டபோது, கடுங்குளிர் அவரைத் தாக்கியது. அந்நோயினாலேயே 1814 டிசம்பரில் மறைந்தார். பின்னாளில் பிரிட்டானியா பாலத்தின் பெருங்குழாய்களை உயரே தூக்கியதும் நீரியல் அழுத்தியே.

இன்று நீருக்கு மாற்றாக எண்ணெய் பாய்கிறது. வண்டியைத் தூக்கும் ஜாக்கியைச் சட்டத்தில் பொருத்தி, தகடு வளைக்கும் பொறியைத் தாமே செய்துகொள்வோரும் உள்ளனர். சட்டம் வலுவற்றதாயின் தகடு வளையுமுன் சட்டமே வளையும். அடைப்புக் கசிந்தால் விசையே எழாது. பேராற்றலைப் பெறுவதினும் அதனைத் தாங்கும் உறுதியும் காக்கும் கவனமுமே இன்றியமையாதன என்பதைப் பிராமாவின் வாழ்வும் படைப்பும் ஒருங்கே உணர்த்துகின்றன.