நீல நிறம் சொன்ன உண்மை

காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறீர்கள். சிறிது நேரத்தில் ஒரு தாளில் எண்கள் அச்சாகி வருகின்றன. அந்த எண்கள் சரிதான் என்று எப்படி நம்புவது?

திருச்சி கைலாசபுரத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அங்கே பலருடைய அப்பாவோ அம்மாவோ, கொதிகலன் செய்யும் 'பெல்' ஆலையில் வேலை பார்ப்பவர்கள். அழுத்தம் காட்டும் மானியை ஆலைகளில் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். சரியானது என்று தெரிந்த வேறொரு மானியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மருத்துவச் சோதனைக்கும் இதே விதிதான். இதை நன்கு உணர்ந்தவர் விஞ்ஞானி எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பிறந்தார் சுப்பாராவ். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைதான் வென்றார். சகோதரர்கள் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தார். நோய்களை வெல்ல வேண்டும் என்ற வேகம் அவருக்குள் வளர்ந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. மனம் தளராமல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரில் இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு!

அங்கே பேராசிரியர் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். எலும்பு வளைந்துபோகும் ரிக்கட்ஸ் நோயில் பாஸ்பரஸ் குறையக்கூடும். சிறுநீரகம் பழுதானால் கூடக்கூடும். அளவு தவறினால், நோயாளியை நலமானவர் என்றோ, நலமானவரை நோயாளி என்றோ மருத்துவர் தவறாக நினைத்துவிடலாம் அல்லவா?

அவர்கள் செய்த முறை எளிமையானது. ரத்தத்தைப் பக்குவப்படுத்தி, சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் எவ்வளவு அதிகமோ, நீலமும் அவ்வளவு அடர்த்தி. அளவு முன்பே தெரிந்த கரைசலின் நீலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

ஒருநாள் தசைச் சாற்றைச் சோதித்தபோது ஒரு விந்தை நடந்தது. நீலம் உடனே முழுதாக வரவில்லை. நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே போனது. சோதனை கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டார்களா? இல்லை. தெரிந்த கரைசலில் சோதனை சரியாகவே வேலை செய்தது. அப்படியானால் புதுமை தசையில்தான் இருக்க வேண்டும்! தேடினார்கள். தசைக்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் 1927இல் வெளிப்பட்டது.

யானைக்கால் நோய்க்குத் தரப்படும் டி.இ.சி. மாத்திரை தெரியுமா? அந்த மருந்தும் பின்னாளில் சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்ததே. 1948 ஆகஸ்டில், 53 வயதில் அவர் மறைந்தார். 1995இல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

இனி பரிசோதனைத் தாள் கைக்கு வந்தால், அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் ஒப்பீடு இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வகத்தில் எதிர்பாராத விடை வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். கருவியைச் சரிபாருங்கள். கருவி சரி என்றால், அந்த விடை உங்களுக்குப் புதிதாக ஏதோ சொல்ல வருகிறது!