உடல் மறுத்தது ஏன்?

1952ஆம் ஆண்டு, பாரிஸ் நகரம். வேலை செய்துகொண்டிருந்த பதினாறு வயது இளைஞன் ஒருவன் உயரத்திலிருந்து தவறி விழுந்தான். சிறுநீரகம் சிதைந்து இரத்தம் பெருகியதால், மருத்துவர்கள் அதை அகற்றினர். அதன் பிறகுதான் உண்மை தெரிந்தது. அவன் பிறந்ததிலிருந்தே ஒரே ஒரு சிறுநீரகத்துடன்தான் வாழ்ந்து வந்திருக்கிறான். இரத்தத்தில் சேரும் கழிவை வடிகட்ட இனி அவன் உடலில் எதுவும் இல்லை. பெற்ற தாய் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். நெக்கர் மருத்துவமனையில் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி அறுவை சிகிச்சை நடந்தது. பொருத்திய சிறுநீரகம் உடனே வேலை செய்யத் தொடங்கியது. மகன் தேறி வந்தான். மூன்று வாரங்கள் கழித்து அந்தச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது. 1953 ஜனவரி மாத இறுதியில் அவன் இறந்துபோனான்.

அறுவை மருத்துவர்களின் கை தவறவில்லை. தாயின் சிறுநீரகத்திலும் குறை இல்லை. தாய் கொடுத்ததை மகனின் உடலே அழித்துவிட்டது. ஏன் அப்படி நடக்கிறது என்பதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டறிந்திருந்தார். அவர் மருத்துவர்கூட அல்லர், விலங்கியல் ஆய்வாளர். பெயர் பீட்டர் மெடவார்.

மெடவார் 1915இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் பிறந்தார். தந்தையார் லெபனானைச் சேர்ந்த வணிகர், தாயார் ஆங்கிலேயர். சிறு வயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். விடுதிப் பள்ளி வாழ்க்கை அவருக்குக் கசந்தது. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு உரிய இடம் கிடைத்தது. ஆறடிக்கும் மேற்பட்ட உயரம், கணீரென்ற குரல், எதையும் வாதிட்டுப் பார்க்கும் குணம் ஆகியவற்றால் அவர் விரைவிலேயே பலரது கவனத்தை ஈர்த்தார்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1940இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெடவார் மனைவியுடனும் குழந்தையுடனும் ஆக்ஸ்ஃபர்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் இருந்தார். அப்போது போர் விமானம் ஒன்று சற்றுத் தொலைவிலிருந்த இன்னொரு வீட்டுத் தோட்டத்தில் விழுந்து தீப்பற்றியது. அதிலிருந்த வீரர் ஒருவர் கடுமையான தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடலின் பெரும்பகுதியில் தோலே இல்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், ஏதாவது வழி உண்டா என்று மெடவாரிடம் கேட்டார்.

அந்நாள்வரை மெடவாரின் ஆய்வுகள் ஆய்வுக்கூடத்தோடு நின்றிருந்தன. இப்போது எதிரே ஒரு மனிதர் படுத்திருந்தார். எஞ்சியிருந்த சிறிதளவு தோலை மெல்லியதாகச் சீவியும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்தும் பெருக்க மெடவார் முயன்றார். எதுவும் பயன் தரவில்லை. பிறருடைய தோலை எடுத்து ஒட்டினால் என்ன? சில நாள்கள் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பின்பு காய்ந்து உதிர்ந்துவிடும். மருத்துவர்கள் பலருக்கும் இது தெரிந்ததே. ஆனால், காரணம் விளங்கவில்லை.

காரணத்தைத் தேடி அவர் கிளாஸ்கோ நகருக்குச் சென்றார். அங்குள்ள அரச மருத்துவமனையில் டாம் கிப்சன் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து பணியாற்றினார். கணப்படுப்பின் தீயில் விழுந்து காயமடைந்த ஓர் இளம்பெண் அங்குச் சிகிச்சை பெற்று வந்தார். அவருடைய காயத்தின்மீது சிறு சிறு துண்டுகளாகத் தோல் ஒட்டப்பட்டது. சில துண்டுகள் அவருடையவை; சில அவருடைய சகோதரர் கொடுத்தவை. பெண்ணின் சொந்தத் தோல் நிலைத்தது. சகோதரரின் தோல் சில நாள் செழித்திருந்து, பிறகு சிதைந்தது.

இதுவரை வியப்பு ஒன்றும் இல்லை. மெடவாரும் கிப்சனும் அடுத்துச் செய்ததுதான் முக்கியமானது. சுமார் இரண்டு வாரங்கள் கழித்து, அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறையாக ஒட்டினார்கள். ஒட்டும் முறையில் குறை இருந்தால், இரண்டாவது தோலும் முதலாவது தோல் தாங்கிய நாள்வரை தாங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இரண்டாவது தோல் முதலாவதைவிட மிக விரைவாக அழிந்தது. அந்தத் தோலை உடல் முன்பே சந்தித்திருந்தது, நினைவில் வைத்திருந்தது.

ஒருமுறை தட்டம்மை வந்தவருக்கு அந்நோய் மீண்டும் வருவது அரிது. கிருமியை அடையாளம் கண்டுகொண்ட உடல், மறுமுறை அது நுழைந்ததும் விரைந்து தாக்குகிறது. அதே நோய் எதிர்ப்பாற்றல்தான், உதவியாக வந்த தோலையும் பகையாகக் கருதி அழிக்கிறது என்று மெடவார் முடிவுக்கு வந்தார். ஆனால், ஒரே ஒரு நோயாளியை வைத்து இப்படிச் சொல்லிவிட முடியாதே! அவர் ஆக்ஸ்ஃபர்டுக்குத் திரும்பி, 25 முயல்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முயலின் தோலையும் மற்ற எல்லா முயல்களுக்கும் ஒட்டினார். அதன் சொந்தத் தோலையும் அதற்கே ஒட்டினார். மொத்தம் 625 அறுவைகள். முயல்களின் உடலும் கிளாஸ்கோவில் கண்ட அதே விதியைத்தான் பின்பற்றியது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால், அது நம்பிக்கை தரும் காரணமாக இல்லை. உடலின் இயல்பே இதுவென்றால், தோலானாலும் சிறுநீரகமானாலும் ஒருவருடையது இன்னொருவருக்கு உதவவே முடியாது என்றுதான் பொருளாகும்.

அந்த முடிவை அசைத்தவை கன்றுக்குட்டிகள். 1948இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டில், கால்நடை ஆய்வாளர் ஒருவர் மெடவாரிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். இரட்டைக் கன்றுகள் ஒரே கருவில் தோன்றியவையா, வெவ்வேறு கருவில் தோன்றியவையா என்று எப்படி அறிவது? இது மிக எளிது என்றார் மெடவார். ஒன்றின் தோலை மற்றதற்கு ஒட்டினால் போதும். ஒரே கருவில் தோன்றியவை ஏற்கும், மற்றவை மறுக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்ற, ரூபர்ட் பில்லிங்ஹாம் என்ற இளம் ஆய்வாளருடன் பண்ணைக்கும் சென்றார்.

அவருடைய கணிப்பு பொய்த்துப்போனது. ஏறக்குறைய எல்லா இரட்டைக் கன்றுகளும் ஒன்றின் தோலை மற்றது ஏற்றுக்கொண்டன. ஒன்று காளை, மற்றது பசு எனத் தெளிவாக வேறுபட்டிருந்தவைகூட ஏற்றுக்கொண்டன! இதற்கான விடை அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் 1945இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே இரட்டைக் கன்றுகளின் இரத்தம் கலந்துவிடுகிறது என்று அவர் காட்டியிருந்தார். அப்படியானால், பிறக்கும் முன்பே அறிமுகமாகும் அந்நிய உயிரணுவை உடல் தன்னுடையதாகவே கருதிவிடுகிறதா?

மெடவார், பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் ஆகிய மூவரும் இதை எலிகளிடம் சோதித்தனர். பிறக்காத எலிக்குஞ்சுகளுக்கு வேறோர் இன எலியின் உயிரணுக்களை ஊசிமூலம் செலுத்தினர். அவை வளர்ந்ததும் அந்த இன எலியின் தோலை ஒட்டினர். தோல் நிலைத்து நின்றது. 1953இல் இம்முடிவு வெளியானது. நிராகரிப்பு மாற்ற முடியாத விதி அன்று எனத் தெரியவந்தது.

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே, இரட்டைச் சகோதரர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். முன்னதாக, இருவரும் ஒரே கருவில் தோன்றியவர்கள்தாமா என்பதை உறுதிசெய்ய, ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். கன்றுகளிடம் தோற்ற அந்தச் சோதனை மனிதரிடம் பலித்தது. சிறுநீரகம் பெற்றவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால், எத்தனை நோயாளிகளுக்கு இரட்டைச் சகோதரர் இருப்பார்? கருவிலேயே ஊசி போடுவதும் மனிதருக்கு ஆகிற காரியமன்று. 1950களின் பிற்பகுதியில் மெடவார் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றின் முடிவில், இந்த ஆய்வால் நோயாளிகளுக்கு என்ன பயன் என்று மாணவர் ஒருவர் கேட்டார். எந்தப் பயனும் இல்லை என்று மெடவார் சுருக்கமாகப் பதில் சொன்னார். அவையில் ராய் கால்ன் என்ற இளம் மருத்துவர் அமர்ந்திருந்தார். மாணவராக இருந்தபோது, தம் வயதையொத்த ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைப் பார்த்தவர் அவர். மெடவாரின் பதிலை அவர் ஏற்கவில்லை; எலிகளிடம் கிடைத்த முடிவை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டார். நோய் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்க முடியுமா என நாய்களிடம் சோதித்தார். அந்த வழியில் கிடைத்த அசாதையோபிரின் என்ற மருந்தின் துணையோடு, 1962இல் உறவினர் அல்லாத ஒருவரின் சிறுநீரகம் ஓர் ஆண்டுக்கும் மேலாக வேலை செய்தது. பின்னர் 1978இல் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை நோயாளிகளுக்கு முதலில் அளித்தவர்களுள் கால்னும் ஒருவர். அதற்குப் பிறகு, பொருத்திய சிறுநீரகம் முதல் ஆண்டைத் தாண்டுவது அரிய செய்தியாக இருக்கவில்லை.

1960இல் மெடவாருக்கும் ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பர்னட்டுக்கும் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பில்லிங்ஹாம், பிரெண்ட் இருவரின் பெயரும் பட்டியலில் இல்லை. மெடவார் தமக்குக் கிடைத்த பரிசுத் தொகையில் அவ்விருவருக்கும் பங்கு கொடுத்தார்.

1969இல், 54 வயதில், எக்ஸிட்டர் தேவாலயத்தில் மக்கள் முன் வாசித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. இடக்கை செயலிழந்தது, பார்வையும் குறைந்தது. மனைவி ஜீனின் துணையோடு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். இளம் அறிவியலாளர்களுக்கான அறிவுரை நூல் உட்பட, அவர் எழுதியவற்றுள் பல அதன் பிறகு வெளிவந்தவையே. மீண்டும் மீண்டும் பக்கவாதம் தாக்கியது. 1987 அக்டோபரில் இலண்டனில் அவர் காலமானார்.

எலிகளிடம் அவர் உண்டாக்கிய அந்த இயல்பான ஏற்பை, சிறுநீரகம் பெற்ற மனிதர் மிகச் சிலரிடமே மருத்துவர்களால் உண்டாக்க முடிந்திருக்கிறது. மற்றவர்கள் இன்றும் நாள்தோறும் மாத்திரை விழுங்குகிறார்கள். ஒரு வேளை தவறினாலும் மருத்துவர்கள் கடிந்துகொள்கிறார்கள்.